பாங்க்ரப்ட் ஆகுமுன் வாடகை வீடு எடுக்க வேண்டும், கிரெடிட் மோசம்: எதை முதலில் செய்வது?

கடைவாசல் – இல்ஃபோர்ட்

எல்லோருக்கும் வணக்கம். நாலைந்து வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இன்றுதான். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஏழு வருடம் சில்லறைக் கடை நடத்தினேன். போன வருடம் ஆகஸ்டில் மூடிவிட்டேன். தெருமுனையில் சூப்பர்மார்க்கெட் கிளை ஒன்று வந்த பிறகு பாலும் பாணும்கூட ஓடவில்லை. இப்போது கடன் 68,000 பவுண். அதில் என் சொந்தப் பிணையில் எடுத்த வியாபாரக் கடன் 31,000. நாலு கிரெடிட் கார்டில் 22,000. சாமான் தந்த மொத்த வியாபாரிகளுக்கு 9,000. அவர்களில் ஒருவர் 2,300 பவுணுக்குக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிட்டார், அதாவது என் பெயரில் ஒரு சி.சி.ஜே. இருக்கிறது. மிச்சம் நம் ஆட்களுடையது. எடுத்த சீட்டில் கட்ட வேண்டியது 4,000, மச்சானுக்கு 2,000.

இலவச கடன் ஆலோசனைக்கு அழைத்துக் கதைத்தேன். பாங்க்ரப்சிதான், அதாவது திவால் ஆவதுதான், எனக்கு வழி என்றார்கள். அதற்கு நான் மனதைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் போன செவ்வாய் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டை விற்கப் போகிறார், நாலு மாதத்தில் விட வேண்டும். ஒன்பது வருடம் இருந்த வீடு, ஒரு மாதம்கூட வாடகை பிந்தியதில்லை.

நான் இப்போது வேர்ஹவுசில் இரவு வேலை, வருடத்துக்கு 27,000. மனைவி முதியோர் இல்லத்தில், 19,000. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. கையில் 4,600 பவுண் இருக்கிறது.

பாங்க்ரப்ட் ஆன பிறகு வீடு தேடுவதா, வீடு எடுத்த பிறகு ஆவதா? இந்தக் கிரெடிட்டோடு யார் வீடு தருவார்கள்? மச்சான் தன் பெயரில் எடுத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொன்று, விண்ணப்பிக்குமுன் சீட்டுக் காசையும் மச்சானின் காசையும் கொடுத்து முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வங்கி வேறு, நம் சனம் வேறு.

தேன்மொழி – குரொய்டன்

தம்பி, வீடு முதலில். இதில் யோசிக்கவே வேண்டாம்.

நான் தலைகீழாகச் செய்தேன். 2019இல் பாங்க்ரப்ட் ஆனேன், மூன்று மாதம் கழித்து வீட்டை விட வேண்டி வந்தது. எத்தனை ஏஜென்சி ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை. வீடு பார்க்கும்போது சிரித்துக் கதைப்பார்கள், ரெஃபரன்ஸ், அதாவது பின்னணிச் சோதனை, முடிந்ததும் போன் எடுக்க மாட்டார்கள். கடைசியில் நானும் இரண்டு பிள்ளைகளும் தெரிந்தவர் வீட்டு மேலறையில் பதினொரு மாதம் இருந்தோம். சின்னவன் வீட்டுப்பாடத்தை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவான். இன்றும் படியில் யாராவது பிள்ளை உட்கார்ந்திருந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

வழிப்போக்கன் – ஹரோ

அண்ணா, நான் 2021இல் எடுத்த வழி: ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கொடுத்தேன், கிரெடிட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படியும் பாங்க்ரப்ட் ஆகப் போகிறீர்கள். கார்டில் மிச்சம் இருக்கிற லிமிட்டை எடுத்து முன்பணத்துக்குப் போடுங்கள். மச்சான் பெயரில் எடுப்பதும் நல்ல யோசனைதான்.

பழைய கணக்கு – லெஸ்டர்

கடன் ஆலோசனை மையமொன்றில் பல வருடம் தொண்டராக இருந்தவன் நான். வழிப்போக்கன் தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அவர் சொன்ன மூன்றும் இன்று கடைவாசலை மாட்டிவிடும். பொறுமையாக வாசியுங்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்தில் சட்டமே வேறு.

ஆறு மாத வாடகை விஷயம் பழைய கதை. வாடகையாளர் உரிமைச் சட்டம் 2025 அக்டோபரில் நிறைவேறியது, தனியார் வாடகை பற்றிய முக்கியமான பகுதிகளுக்கு 2026 மே 1 தான் தொடக்க நாள். அதன்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வாடகை வாங்கவே கூடாது. கையெழுத்திட்ட பிறகும் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. கிரெடிட் மோசமானவர்கள் காசைக் காட்டிக் கதவைத் திறந்த வழி இதனால் அடைபட்டுவிட்டது. கேட்டதை விடக் கூட்டி வாடகை தருகிறேன் என்று போட்டி போடுவதும் அப்படித்தான், வீட்டுக்காரர் அதை ஏற்கக் கூடாது.

கார்டில் காசு எடுப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். திருப்பிக் கட்ட முடியாது என்று தெரிந்துகொண்டே கடன் வாங்கினால் அஃபிஷியல் ரிசீவர் (பாங்க்ரப்சியைக் கவனிக்கிற அரசு அதிகாரி) அதைப் பிடிப்பார். சாதாரணமாக 12 மாதத்தில் விடுபட வேண்டியவர் மீது 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்பாடு போட முடியும். உங்கள் கையில் இருக்கிற 4,600 போதும், அதைப் பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மச்சான் பெயரில் எடுத்தால் ஒப்பந்தம் மச்சானுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில்தான். அவர் குடியிருக்க மாட்டார், நீங்கள் இருப்பீர்கள். தெரியவந்த அன்று உங்கள் இருப்புக்கு ஆதாரமே இருக்காது, பொய் சொல்லி வீடு வாங்கியதாக மச்சான் மாட்டுவார். இங்கிலாந்தில் குடியிருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் குடியேற்ற உரிமைச் சோதனையும் உண்டு, அதில் உங்கள் பெயர் எங்கே வரும்?

இனி சீட்டும் மச்சானின் 2,000 பவுணும். உங்கள் மனது எனக்குப் புரிகிறது, ஆனாலும் கையெடுத்துக் கேட்கிறேன், கொடுக்காதீர்கள். மற்றக் கடன்காரர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் கொடுப்பதைச் சட்டம் பாரபட்சமாகப் பார்க்கும். உறவினர் என்றால் 2 வருடம், மற்றவர் என்றால் 6 மாதம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். மனைவியின் உறவும் உறவுதான். நீங்கள் கொடுத்த காசை மச்சானிடமிருந்தே திருப்பி வாங்க ரிசீவருக்கு அதிகாரம் உண்டு. நன்மை செய்யப் போய் அவருக்குக் கடிதம் போக வைப்பீர்கள்.

நிலாந்தி – சவுத்ஹோல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏன் டி.ஆர்.ஓ. (கடன் நிவாரண உத்தரவு) போட முடியாது? என் தங்கை அதைத்தான் போட்டாள், காசே கட்டவில்லை.

பழைய கணக்கு – லெஸ்டர்

நல்ல கேள்வி. கடன் 50,000 பவுணுக்குள் இருந்தால்தான் அது. 2024 ஜூனில்தான் 30,000 என்பதை 50,000 ஆக்கினார்கள், அதற்கு முந்திய ஏப்ரலில் 90 பவுண் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். கடைவாசலுக்கு 68,000. பாங்க்ரப்சிக்கு 680 பவுண் கட்ட வேண்டும். தவணையில் கட்டலாம், ஆனால் முழுதும் கட்டினால்தான் விண்ணப்பம் போகும்.

கடைவாசல் – இல்ஃபோர்ட்

எல்லோருக்கும் நன்றி. இரவு வேலை முடித்து வந்து வாசித்தேன், பிறகு தூக்கம் வரவில்லை.

சீட்டு விஷயத்தைத்தான் விழுங்க முடியவில்லை. சீட்டுப் பிடிக்கிற அக்கா எங்கள் ஊர்க்காரி. மனைவி இரண்டாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு கிழமை முழுக்கச் சமைத்துக் கொண்டு வந்தவர். நான் கட்டாவிட்டால் சீட்டில் இருக்கிற மற்ற ஆட்களுக்கு அவர்தான் கையிலிருந்து போட வேண்டும். வங்கிக்கு 4,000 என்பது ஒரு வரி. அவருக்கு அது எட்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு. கோயிலில் கண்டால் எந்த முகத்தோடு நிற்பது?

பழைய கணக்கு – லெஸ்டர்

இதற்குச் சட்டத்தில் சுகமான பதில் இல்லை, தம்பி. படிவத்தில் அவர் பெயரையும் கடன்காரராக எழுதத்தான் வேண்டும், மறைப்பது குற்றம். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, விண்ணப்பிக்குமுன் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். கடிதம் போய் அவர் அறியக் கூடாது. இரண்டு, 12 மாதம் கழித்து விடுபட்ட பிறகு உங்கள் சொந்தக் காசில் நீங்களாக விரும்பி அவருக்குக் கொடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். சட்டம் கட்டச் சொல்லாது, கட்டாதே என்றும் சொல்லாது. ரிசீவர் உங்களுக்கு மாதத் தவணை போட்டிருந்தால் அதற்குப் பாதகமில்லாமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மதுரைக்காரி – ரெடிங்

எங்க ஊரில் இதை மஞ்சள் கடுதாசி என்பார்கள். அந்தச் சொல்லே வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி ஒலிக்கும். இந்த நாட்டில் அப்படி நினைக்க வேண்டியதில்லை, சட்டம் தந்திருக்கிற வழி இது. தலை குனியாதீர்கள்.

நான் வாடகை ஏஜென்சி ஒன்றில் ஆறு வருடம் ரெஃபரன்ஸ் வேலை பார்த்தேன். எங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன், பாதி பயம் போய்விடும். உங்கள் கார்டில் எவ்வளவு பாக்கி, எந்த மாதம் கட்டத் தவறினீர்கள் என்பதெல்லாம் எங்கள் ரிப்போர்ட்டில் பொதுவாக வராது. வருவது பொதுப் பதிவில் இருப்பவை: சி.சி.ஜே., ஐ.வி.ஏ. (கடன்காரர்களோடு செய்யும் தவணை உடன்பாடு), பாங்க்ரப்சி, அப்புறம் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, முகவரி ஒத்துப்போகிறதா என்பது. அதனால்தான் தேன்மொழி அக்கா சொன்ன மாதிரி பாங்க்ரப்ட் ஆன பிறகு வந்தால் கதவு மூடும். இன்றைக்கு உங்கள் பெயரில் இருப்பது ஒரே ஒரு சி.சி.ஜே.

அடுத்தது வருமானம். வழக்கமான அளவு மாத வாடகையின் 30 மடங்கு வருட வருமானம். உங்கள் இருவருக்கும் 46,000, அதாவது 1,530 பவுண் வரைக்கும் வாடகை தேறும். அதற்கு மேல் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். மனைவி பெயரில் மட்டும் எடுப்பது சட்டப்படி சரியான வழி, பலர் செய்கிறார்கள். உங்கள் விஷயத்தில் 19,000 வருமானத்துக்கு 630 பவுண் வீடுதான் தேறும், அது நடக்காது. பிணை நிற்க ஒருவர் இருந்தால் அவருக்கு 36 மடங்கு கேட்பார்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள். சி.சி.ஜே. இருக்கிறதா என்று படிவத்தில் கட்டம் இருக்கும். 'இல்லை' என்று போட்டவர்களைத்தான் நாங்கள் நேராகத் தள்ளினோம். 'இருக்கிறது, கடை மூடியதால் வந்தது' என்று எழுதியவர்களின் தாள் வீட்டுக்காரர் மேசைக்குப் போனது, அவர் முடிவு செய்தார். பொய் எழுதினால், வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை அளவு வாங்குகிற ஹோல்டிங் டெபாசிட்டையும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒன்பது வருட வாடகைதான் உங்கள் சொத்து. வங்கிக் கணக்குத் தாள்களை எடுத்து, வாடகை போன வரி ஒவ்வொன்றையும் கலர் பேனாவால் அடித்துக் கொண்டு போங்கள். இப்போதைய வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், விற்பதால்தான் விடச் சொல்கிறார் என்று அதில் இருக்கட்டும்.

வழிப்போக்கன் – ஹரோ

மேலே சொன்னதற்கு மன்னிக்க வேண்டும், சட்டம் மாறியது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். சி.சி.ஜே.யைச் சொல்லலாம். அடுத்த மாதம் பாங்க்ரப்ட் ஆகப் போகிறேன் என்பதையும் சொல்ல வேண்டுமா? சொன்னால் எவன் தருவான்? அண்ணாவுக்கு இரண்டு பிள்ளைகள்.

பழைய கணக்கு – லெஸ்டர்

படிவம் நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. கேட்காத ஒன்றைத் தானாகச் சொல்வது அவரவர் முடிவு. நான் சொல்லுங்கள் என்பேன், காரணம் இதுதான்: பாங்க்ரப்சி இணையப் பதிவேட்டில் வரும், லண்டன் கெசட் என்கிற அரசு அறிவிப்பு இதழில் வரும். சில ஒப்பந்தங்களில் 'பாங்க்ரப்ட் ஆனால்' என்று ஒரு வரியும் இருக்கும், கையெழுத்திடுமுன் அதைத் தேடி வாசியுங்கள். ஒளித்து எடுத்த வீட்டில் தபால்காரன் வரும்போதெல்லாம் நெஞ்சு அடிக்கும்.

வீட்டுக்காரருக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தலாம். இன்று உங்கள் சம்பளத்தைக் கார்டும் கடனும் தின்கின்றன. பாங்க்ரப்ட் ஆனதும் அவை நின்றுவிடும், நியாயமான வாடகையை அத்தியாவசியச் செலவாக ரிசீவர் ஒதுக்கிவிடுவார். வாடகை தர உங்களிடம் முன்னைவிடக் காசு இருக்கும்.

தேன்மொழி – குரொய்டன்

எனக்கு வழிப்போக்கன் தம்பியின் பயம்தான். நாலு இடத்தில் உண்மையைச் சொல்லி நாலு இடத்திலும் கதவு மூடினால், மகள் பரீட்சை வருடத்தில் எங்கே போவாள்? கவுன்சிலையும் இப்போதே பிடித்து வையுங்கள். 56 நாளுக்குள் வீடில்லாமல் போகும் நிலை என்றால் தடுக்க உதவுவது அவர்கள் கடமை, 2018 ஏப்ரலில் இருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. சில கவுன்சில்கள் டெபாசிட்டுக்கும் உதவுகின்றன. வெட்கப்பட்டு நான் கேட்காமல் விட்டேன்.

பெயரிலி – ஹேய்ஸ்

எனக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. பாங்க்ரப்ட் ஆனால் அதுவும் அழியும்தானே? பிறகு வீட்டுக்காரர் ஒன்றும் செய்ய முடியாதுதானே?

பழைய கணக்கு – லெஸ்டர்

பெயரிலி, இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பாக்கிக் கடன் அழியும். வீடு காப்பாற்றப்படாது. 2011இல் அப்பீல் கோர்ட் ஷார்ப்பிள்ஸ் வழக்கில் இதைத்தான் தீர்த்துச் சொன்னது: காசைக் கேட்டுத் துரத்த முடியாது, ஆனால் அந்தப் பாக்கியைக் காரணமாக வைத்து வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். அதே வீட்டில் இருக்க விரும்பினால் வீட்டுக்காரரோடு கதைத்து வழி பாருங்கள். விண்ணப்பிக்குமுன், வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவுகிற ஷெல்டர் அமைப்பின் உதவி எண்ணில் கேட்டுவிடுங்கள், தனியாக முடிவெடுக்காதீர்கள்.

கடைவாசல் – இல்ஃபோர்ட்

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். மூன்று ஏஜென்சியில் சி.சி.ஜே. என்று எழுதினேன். இரண்டு பேர் மறுத்தார்கள், ஒருவர் பதிலே தரவில்லை. கவுன்சிலில் கேஸ் ஒன்று திறந்து வைத்தோம்.

நாலாவது, ரொம்ஃபோர்டில் தையல்கடைக்கு மேலே இரண்டு அறை. கடைச் சன்னலில் கையால் எழுதி ஒட்டியிருந்தது, வாடகை 1,500. வீட்டுக்காரர் வயதான மனிதர், கீழே தைப்பவரும் அவரே. மனைவியும் நானும் ஒன்றாகப் போனோம். ஒன்பது வருடத்து 108 வாடகையையும் மஞ்சள் பேனாவால் அடித்த தாள்கள் ஒரு கட்டு. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தாளாக விரலை வைத்துப் பார்த்தார். நடுவில் ஒரு மாதத்தைக் காட்டி, 'இது ஏன் மூன்றாம் தேதி?' என்றார். வங்கி விடுமுறை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

பிறகு பாங்க்ரப்சியைச் சொன்னேன். பழைய கணக்கு அண்ணா எழுதியதைத்தான் என் வாயால் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. எனக்குக் கை நடுங்கியது, மனைவி மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பிணைக்கு ஆள் உண்டா? மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் வந்தார், பஸ் ஓட்டுபவர், அவர் வருமானம் 54,000 பவுணுக்கு மேல். நான் கட்டாவிட்டால் அவர்தான் கட்ட வேண்டும், என் பாங்க்ரப்சி அவரைக் காப்பாற்றாது என்பதை அவருக்கு இரண்டு தடவை சொன்னேன். தெரிந்துதான் கையெழுத்திட்டார்.

டெபாசிட் ஐந்து வார வாடகை, 1,730. முதல் மாதம் 1,500. கையிருப்பில் இருந்தே போனது, ரசீதெல்லாம் ஒரு உறையில் இருக்கிறது.

தேன்மொழி – குரொய்டன்

வாசித்துவிட்டு அழுதேன் தம்பி. நல்லாயிருங்கள்.

மதுரைக்காரி – ரெடிங்

ரொம்ப சந்தோஷம். டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும், நல்ல மனிதர் என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள்.

பழைய கணக்கு – லெஸ்டர்

மிச்சம் 1,370. அதில் 680 கட்டணம் போக வேன் செலவுக்கு இருக்கும். விண்ணப்பத்தை அழுத்துமுன் ஒன்று செய்யுங்கள்: எந்த வங்கியில் உங்களுக்குக் கடன் இல்லையோ அங்கே ஒரு சாதாரண ('பேசிக்') கணக்குத் திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றி, வாடகை அங்கிருந்து போகும்படி வையுங்கள். உத்தரவு வந்ததும் பழைய கணக்கு முடங்கும், சில நேரம் புதியதும் சில நாள் முடங்கும். அதனால் சம்பளம் வந்து வாடகை போன மறுநாள் விண்ணப்பியுங்கள். ஒரு கிழமைச் சாப்பாட்டுக்குக் கையில் காசு இருக்கட்டும்.

கடைவாசல் – இல்ஃபோர்ட்

கடைசித் தகவல். இனி இல்ஃபோர்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது, ரொம்ஃபோர்ட்.

வாடகை போன மறுநாள் காலையில் விண்ணப்பித்தேன். 28 நாள் வரை ஆகலாம் என்றிருந்தது, மூன்றாம் நாளே உத்தரவு வந்தது. ரிசீவர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் ஒன்றரை மணி நேரம் கேட்டார். டெபாசிட் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டார், உறையைத் திறந்து வாசித்தேன். உறவினருக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார், இல்லை என்று நிம்மதியாகச் சொல்ல முடிந்தது. 1,500 வாடகையை அப்படியே ஏற்றுக்கொண்டார். மாதம் 85 பவுண், மூன்று வருடத்துக்குக் கட்ட வேண்டும்.

டெபாசிட் சான்று 19ஆம் நாள் வந்தது. மகள் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி இல்ஃபோர்டில் இறங்கிப் பழைய பள்ளிக்கூடத்துக்கே போகிறாள்.

சீட்டு அக்காவிடம் விண்ணப்பத்துக்கு முந்திய ஞாயிறு போய்ச் சொன்னேன். தேத்தண்ணீர் போட எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். 'எனக்கு முதலில் சொல்லியிருக்கலாமே' என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. பழைய கணக்கு அண்ணா, நான் விடுபடுகிற தேதிக்குப் பிறகு மாதம் 100 பவுண் என்று அவருக்கு இப்போதே எழுதிக் கொடுக்கலாமா, அல்லது அதுவும் புதுக் கடன் ஆகிவிடுமா?

பழைய கணக்கு – லெஸ்டர்

இப்போது எழுதிக் கொடுக்க வேண்டாம். வாயால் சொல்லுங்கள், நேரில் போய்.